1932-க்குப் பிறகு எண்ணப்படாத மக்கள்: போர்களும் உடன்படிக்கைகளும் வார்த்தெடுத்த லெபனான்

ஒரு நாட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்களில் எந்தச் சமூகத்தவர் எவ்வளவு பேர் என்று கேட்டால் அந்நாட்டு அரசிடம் பதில் இருக்க வேண்டும். லெபனான் அரசிடம் இல்லை. அங்கே அதிகாரபூர்வமான முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 1932ஆம் ஆண்டில். அதன் பிறகு ஓர் உலகப் போர், விடுதலை, பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போர், பல படையெடுப்புகள் எல்லாம் வந்து போய்விட்டன. மக்களை மட்டும் யாரும் எண்ணவில்லை.

இதற்குக் காரணம் பணமோ ஆளோ இல்லாதது அல்ல, அச்சம். ஜனாதிபதி பதவி முதல் அரசு அலுவலகப் பணியிடங்கள் வரை மதப்பிரிவு வாரியாகப் பங்கிடப்பட்டுள்ள நாட்டில் புதிய எண்ணிக்கை வெளியானால் பழைய பங்கீடு ஆட்டம் காணும். அது ஆட்டம் கண்டால் மீண்டும் துப்பாக்கி பேசும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள்.

போர்களும் அரசியல் கொந்தளிப்புகளும் தேசங்களை உருவாக்குகின்றன, சிதைக்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு நாட்டின் முகத்தைப் பல நேரங்களில் தீர்மானிப்பது போரைவிடவும் அதை நிறுத்துவதற்காக அவசரமாக எழுதப்படும் உடன்படிக்கைதான். வெறும் 10,452 சதுர கிலோமீட்டர் பரப்பில், அங்கீகரிக்கப்பட்ட 18 மதப்பிரிவுகளுடன் வாழும் லெபனானின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மலையில் தொடங்கிய கதை

லெபனான் என்பது முதலில் ஒரு நாட்டின் பெயரல்ல, ஒரு மலைத்தொடரின் பெயர். உஸ்மானியப் பேரரசின் கீழ் மலை லெபனானை உள்ளூர் அமீர்கள் ஆண்டு வந்தனர். மாரோனி கிறிஸ்தவர்களும் துரூஸ்களும் அம்மலையில் நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்தனர். அவர்களிடையே பூசல்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் அன்றாட வாழ்வின் முக்கியப் பிரிவினை நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் இடையேதான் இருந்தது. துரூஸ் பிரபுவின் நிலத்தில் கிறிஸ்தவர் உழைப்பதும், மாரோனிப் பிரபுவிடம் மாரோனி விவசாயி வரிச்சுமையில் தவிப்பதும் சாதாரணமாக இருந்தன.

1831இல் எகிப்தின் இப்ராஹீம் பாஷா சிரியா மீது படையெடுத்தபோது மலையை ஆண்ட அமீர் இரண்டாம் பஷீர் ஷிஹாபி அவருடன் கைகோத்தார். 1838இல் துரூஸ்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை அடக்க மாரோனியர்களுக்கு ஆயுதம் கொடுக்கப்பட்டது. ஆட்சியாளர் ஒரு சமூகத்தை இன்னொரு சமூகத்தின் மீது ஏவிவிட்ட காயம் அது. 1840இல் ஐரோப்பிய வல்லரசுகளின் துணையுடன் உஸ்மானியர்கள் எகிப்தியப் படையை வெளியேற்றினர். பஷீரும் நாடுகடத்தப்பட்டார். காயம் மட்டும் ஆறவில்லை.

அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து, மலையை இரண்டாக வெட்டுவது. பெய்ரூத் - டமாஸ்கஸ் சாலைக்கு வடக்கே ஒரு கிறிஸ்தவ நிர்வாகி, தெற்கே ஒரு துரூஸ் நிர்வாகி. தெற்கில் ஏராளமான கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பது தெரிந்தே இந்தக் கோடு போடப்பட்டது. மாரோனியர்களுக்குப் பிரான்ஸ், துரூஸ்களுக்குப் பிரிட்டன், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ரஷ்யா என ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வெளிநாட்டுப் புரவலர் கிடைத்தார். உள்ளூர்ச் சண்டை ஒவ்வொன்றிலும் வெளிநாட்டுத் தூதரகத்தின் நிழல் விழும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது.

1858இல் கிஸ்ரவான் பகுதியில் மாரோனி விவசாயிகள் தங்கள் நிலக்கிழார்களான காஸின் குடும்பத்தாருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தனர். அதன் தலைவர் தன்யூஸ் ஷாஹீன். எதிர்த்தவரும் எதிர்க்கப்பட்டவரும் ஒரே மதப்பிரிவினர். அது வயிற்றுக்கும் வரிக்குமான போராட்டம். அது தெற்கே பரவியபோது அங்கே நிலக்கிழார்கள் துரூஸ்களாகவும் விவசாயிகள் கிறிஸ்தவர்களாகவும் இருந்ததால் வர்க்கச் சண்டை மதச் சண்டையாக உருமாறியது.

1860 கோடையில் மலை பற்றியெரிந்தது. தைருல் கமர், ஹாஸ்பையா, ஸஹ்லே போன்ற ஊர்கள் அழிந்தன. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், கொல்லப்பட்டனர். ஜூலையில் கலவரம் டமாஸ்கஸுக்குப் பரவியது. அங்கே அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆக்கிரமிப்பை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, நாடுகடத்தப்பட்டு வாழ்ந்துவந்தவர் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ. அவர் தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருவில் இறங்கி, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தம் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார். தம் நாட்டைப் பறித்த பிரான்ஸின் மதத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த அண்டை வீட்டாராகவே பார்த்தார். இரத்தம் சிந்திய அந்த ஆண்டின் வரலாற்றில் இப்பக்கமும் உண்டு. இதைச் சொல்லாமல் 1860ஐச் சொல்வது முழுமையாகாது.

பதவிகள் மதவாரியாகப் பங்கிடப்பட்ட நாள்

கலவரம் அடங்கியதும் பிரெஞ்சுப் படை வந்திறங்கியது. உஸ்மானிய அரசும் ஐரோப்பிய வல்லரசுகளும் கூடி 1861இல் ஒரு நிர்வாகச் சட்டத்தை எழுதின. அதன்படி மலை லெபனான் ‘முதஸர்ரிஃபிய்யா’ என்ற தனி நிர்வாகப் பகுதியானது. ஆளுநர் உஸ்மானியக் குடிமகனாக, ஆனால் லெபனானியர் அல்லாத கிறிஸ்தவராக இருக்க வேண்டும். அவருக்கு உதவ 12 பேர் கொண்ட மன்றம். அந்த இடங்கள் மதப்பிரிவு வாரியாகப் பங்கிடப்பட்டன. 1864இல் திருத்தப்பட்ட பங்கீட்டில் மாரோனியருக்கு 4, துரூஸுக்கு 3, கிரேக்க ஆர்த்தடாக்ஸுக்கு 2, கிரேக்கக் கத்தோலிக்கர், ஸுன்னி, ஷியாவுக்குத் தலா 1 இடம்.

இந்த ஏற்பாடு பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் மலையில் பெரிய இரத்தக்களரி இல்லை. சாலைகளும் பள்ளிகளும் வந்தன. பட்டுத் தொழில் செழித்தது. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. முன்பு விவசாயியாக, நிலக்கிழாராக, இன்ன ஊர்க்காரராக இருந்தவர் இனி அரசின் முன் முதலில் மாரோனியாக, துரூஸாக, ஷியாவாக மட்டுமே நிற்க முடிந்தது. கலவரத்தின் பிளவுக்கோடே ஆட்சியின் அடித்தளமாகிவிட்டது.

பஞ்சமும் புதிய எல்லையும்

முதலாம் உலகப் போர் இந்த அமைதியைத் துடைத்தெறிந்தது. நேச நாடுகள் கடல்வழியை முற்றுகையிட்டன. உஸ்மானியத் தளபதி ஜமால் பாஷாவின் நிர்வாகம் மலைக்குள் தானியம் செல்வதைக் கட்டுப்படுத்தியது. 1915இல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்றது. வணிகர்கள் சிலர் தானியத்தைப் பதுக்கினர். பட்டுப் புழுவுக்காக முசுக்கொட்டை மரங்களை நட்டிருந்த மலைமக்களிடம் உண்ணத் தானியம் இல்லை. மலை லெபனான் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பசியிலும் நோயிலும் மடிந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது.

அந்தப் பஞ்சம் எல்லைக்கோடு வரைவதிலும் பங்கு வகித்தது. தானியம் விளையும் பிகா பள்ளத்தாக்கும் துறைமுகங்களும் இல்லாமல் மலை தனித்து வாழ முடியாது என்பது மாரோனியத் தலைமையின் வாதமாயிற்று. 1916இன் சைக்ஸ்-பிக்கோ இரகசிய ஒப்பந்தத்தால் இப்பகுதியைத் தன் பங்காகக் கருதியிருந்த பிரான்ஸுக்கும் அது பொருந்திவந்தது. 1920 ஜூலை 24இல் மைஸலூன் போரில் பிரெஞ்சுப் படை அமீர் ஃபைஸலின் அரபு அரசைத் தோற்கடித்தது. செப்டம்பர் 1இல் ஜெனரல் கூரோ பெய்ரூத்தில் ‘பெரிய லெபனான்’ உருவானதாக அறிவித்தார்.

மலையுடன் பெய்ரூத், திரிபோலி, ஸைதா, ஸூர் நகரங்களும் பிகாவும் இணைக்கப்பட்டன. அப்பகுதிகளில் பெருமளவில் ஸுன்னிகளும் ஷியாக்களும் வாழ்ந்தனர். சிரியாவுடன் இருக்க விரும்பிய அவர்களில் பலரை யாரும் கேட்கவில்லை. பெரிய நிலம் வேண்டும் என்றதால் கிறிஸ்தவப் பெரும்பான்மை மெலிந்தது. நாட்டின் உணவுப் பாதுகாப்பும் அதன் அரசியல் சிக்கலும் ஒரே நாளில் பிறந்தன.

‘தற்காலிகம்’ என்ற சொல்

1926ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 95ஆம் பிரிவு, அரசுப் பணிகளிலும் அமைச்சரவையிலும் மதப்பிரிவுகளுக்கு நியாயமான இடம் ‘தற்காலிகமாக’ அளிக்கப்படும் என்றது. அந்தத் தற்காலிகம் நூற்றாண்டைத் தொட்டுவிட்டது.

1932இல் கணக்கெடுப்பு நடந்தது. நாட்டுக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் எட்டு லட்சம் பேர். அவர்களில் கிறிஸ்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டினர். அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தவர்களை, பெரும்பாலும் கிறிஸ்தவர்களை, சேர்த்துக்கொள்வதா இல்லையா என்பதே அன்று பெரும் சர்ச்சையானது. யார் குடிமகன் என்ற கேள்விக்குள் யார் ஆள்வது என்ற கேள்வி ஒளிந்திருந்தது.

1943இல் மாரோனியரான பிஷாரா அல்கூரியும் ஸுன்னியான ரியாத் அஸ்ஸுல்ஹும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். ‘தேசிய ஒப்பந்தம்’ என்று அழைக்கப்படும் அது எழுத்தில் இல்லாத ஒப்பந்தம். கிறிஸ்தவர்கள் பிரான்ஸின் பாதுகாப்பைக் கோரக் கூடாது, முஸ்லிம்கள் சிரியாவுடன் இணைப்பைக் கோரக் கூடாது. ஜனாதிபதி மாரோனியர், பிரதமர் ஸுன்னி, நாடாளுமன்ற சபாநாயகர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதத்தில். துரூஸ்கள் முஸ்லிம் பங்கில் சேர்க்கப்பட்டனர். அதனால்தான் அன்றைய நாடாளுமன்றங்களின் உறுப்பினர் எண்ணிக்கை எப்போதும் 11ஆல் வகுபடும் எண்ணாக இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் புதிய தலைவர்களைப் பிரான்ஸ் கைதுசெய்து ராஷைய்யா கோட்டையில் அடைத்தபோது முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வீதிக்கு வந்தனர். நவம்பர் 22இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அந்நாளே விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த ஒற்றுமை உண்மையானது. ஆனால் அதை ஏந்திய பாத்திரம் 1932இன் எண்ணிக்கையால் செய்யப்பட்டிருந்தது.

பாத்திரம் உடைந்தபோது

1948இல் ஃபலஸ்தீனிலிருந்து விரட்டப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேர் லெபனானில் தஞ்சமடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஸுன்னிகள் என்பதால், குடியுரிமை கொடுத்தால் விகிதம் மாறிவிடும் என்ற கணக்கு அவர்களை முகாம்களிலேயே நிறுத்திவைத்தது.

1958இல் ஜனாதிபதி கமீல் ஷம்ஊனின் மேற்கத்தியச் சார்பும், அவர் பதவியை நீட்டிக்க முயல்கிறார் என்ற ஐயமும், எகிப்தின் ஜமால் அப்துந்நாஸிர் எழுப்பிய அரபுத் தேசிய அலையும் மோதின. ஜூலை 15இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பெய்ரூத் கரையில் இறங்கினர். ராணுவத் தளபதி ஃபுஆத் ஷிஹாப் ஜனாதிபதியாகிச் சமரசம் செய்தார். அரசு ஊழியர் தேர்வு வாரியம், சமூகப் பாதுகாப்பு நிதி, மத்திய வங்கி போன்ற அமைப்புகள் அவருடைய காலத்தின் பயன்கள். மதத் தலைவரின் சிபாரிசு இல்லாமல் குடிமக்களுக்குச் சேவை தரும் அரசை அவர் கட்ட விழைந்தார். அவருக்குப் பிறகு அந்த முயற்சி தளர்ந்தது.

தெற்கிலும் பிகாவிலும் வறுமையில் வாடிய ஷியாக்கள் பெய்ரூத்தின் புறநகர்களில் குவிந்தனர். 1969இன் கெய்ரோ ஒப்பந்தம் ஃபலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு லெபனான் மண்ணிலிருந்து இயங்க வழிவிட்டது. 1970இல் ஜோர்டானிலிருந்து வெளியேற்றப்பட்ட போராளிகளும் வந்து சேர்ந்தனர். நாடு மாறிவிட்டது, பங்கீடு மாறவில்லை. சீர்திருத்தம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் மறுப்பு. எல்லாத் தரப்பும் ஆயுதம் சேர்த்தன.

1975 ஏப்ரல் 13இல் பெய்ரூத்தின் ஐனுர் ரும்மானா பகுதியில் ஃபலஸ்தீனர்கள் சென்ற பேருந்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று தொடங்கிய போர் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. பெய்ரூத் ‘பச்சைக் கோட்டால்’ கிழக்கு மேற்காகப் பிளந்தது. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டை கேட்கப்பட்டது. அதில் மதப்பிரிவு அச்சிடப்பட்டிருந்தது. பதவி வழங்குவதற்காகப் பதியப்பட்ட அதே சொல் உயிரைப் பறிப்பதற்கும் பயன்பட்டது.

கரன்தீனா, தாமூர், தல்லுஸ் ஸஅதர் என 1976இன் படுகொலைகளில் எல்லாத் தரப்பின் கைகளிலும் இரத்தம் படிந்தது. அவ்வாண்டு சிரியப் படை நுழைந்தது. 1978இலும் 1982இலும் இஸ்ரேல் படையெடுத்தது. 1982 செப்டம்பரில், இஸ்ரேலியப் படை சுற்றிவளைத்திருந்த ஸப்ரா, ஷத்தீலா பகுதிகளில் ஃபலாஞ்சிஸ்டு ஆயுதக் குழுவினர் நிராயுதபாணிகளான ஃபலஸ்தீன, லெபனான் மக்களைக் கொன்று குவித்தனர். அந்த ஆக்கிரமிப்பின் நிழலில் உருவான ஹிஸ்புல்லாஹ் 1985இல் தன்னைப் பகிரங்கமாக அறிவித்தது.

இதை மதங்களுக்கு இடையிலான போர் என்று மட்டும் சொல்வோர் அதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஷியா அமைப்பான அமல் முதலில் ஃபலஸ்தீன முகாம்களை முற்றுகையிட்டது. பிறகு அமலும் ஹிஸ்புல்லாஹ்வும் மோதிக்கொண்டன. 1990இல் மிஷேல் அவ்ன் தலைமையிலான ராணுவமும் ஸமீர் ஜஃஜாவின் குழுவும் கிறிஸ்தவப் பகுதிக்குள்ளேயே அழித்துக்கொண்டன. தம் மக்களைக் காப்பதாகச் சொல்லித் தூக்கிய ஆயுதம் இறுதியில் தம் மக்கள் மீதே திரும்பியது. பலியானோர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல். ஒன்றரை லட்சம் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது.

தாயிஃபில் கிடைத்ததும் தவறியதும்

1989 அக்டோபரில் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் லெபனான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடினர். 1972இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். போரால் தேர்தல் நடத்த முடியாமல் அந்த நாடாளுமன்றம் இருபது ஆண்டுகள் நீடித்தது. அங்கே எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தைச் சமபாதியாக மாற்றியது. மாரோனிய ஜனாதிபதியின் அதிகாரத்தில் பெரும்பகுதியை அமைச்சரவைக்கு மாற்றியது. அரசியலில் மதப்பிரிவு முறையை ஒழிப்பது தேசிய இலக்கு, அதற்கு ஒரு தேசியக் குழு அமைக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. 1990 அக்டோபரில் துப்பாக்கிகள் அடங்கின.

அந்தக் குழு செயல்படவே இல்லை. மீண்டும் ஒரு ‘தற்காலிகம்’ நிலைபெற்றது.

1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. போர்க்காலக் குற்றங்கள் மன்னிக்கப்பட்டன. ஆனால் அரசியல், மதத் தலைவர்களின் படுகொலைகளுக்கு மன்னிப்பு இல்லை. தலைவரைக் கொன்றால் குற்றம், சாமானியரைக் கொன்றால் மன்னிப்பு என்பதே அதன் சுருக்கம். ஆயுதக் குழுக்களின் தலைவர்கள் பலர் அமைச்சர்களானார்கள். இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான எதிர்ப்பியக்கம் என்ற அடிப்படையில் ஹிஸ்புல்லாஹ்வின் ஆயுதங்கள் மட்டும் விட்டுவைக்கப்பட்டன. 2000இல் இஸ்ரேல் தெற்கிலிருந்து வெளியேறிய பிறகும், அந்த ஆயுதம் நாட்டின் கவசமா அல்லது அரசுக்கு மேலான அரசா என்ற விவாதம் லெபனானைப் பிளந்துகொண்டே இருக்கிறது.

சாமானியரின் வாழ்வில்

உடன்படிக்கைகளின் சுமை தலைவர்களின் மேசையில் தெரியாது. அது குடும்பப் பதிவேட்டில் தெரியும். லெபனானியர் ஒருவர் பெய்ரூத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் வாக்களிக்கத் தம் மூதாதையர் பெயர் பதிவான ஊருக்கே செல்ல வேண்டும். திருமணம், மணவிலக்கு, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்கு நாட்டில் பொதுவான குடிமைச் சட்டம் இல்லை. ஒவ்வொரு மதப்பிரிவுக்கும் அதன் சொந்தச் சட்டம், சொந்த நீதிமன்றம். மதநெறிப்படி வாழ விரும்புவோருக்கு இது உரிமை. வேறு வழி தேடும் இணையரில் பலர் சைப்ரஸுக்குப் பயணமாகிறார்கள். வெளிநாட்டவரை மணந்த லெபனான் பெண்ணால் தன் பிள்ளைக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது. ஃபலஸ்தீன, சிரிய ஆண்களை மணந்த பெண்களின் பிள்ளைகளால் விகிதம் மாறிவிடும் என்பதே அடிக்கடி சொல்லப்படும் காரணம்.

பள்ளியிலும் இதே நிலை. ஒருங்கிணைந்த வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று தாயிஃப் ஒப்பந்தம் சொன்னது. உள்நாட்டுப் போரை எப்படி எழுதுவது என்பதில் உடன்பாடு வரவில்லை. பாடநூல் விடுதலைக் காலத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பிள்ளைகள் அவரவர் வீட்டில், அவரவர் தெருவில், அவரவர் கட்சியின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமானது காணாமல் போனவர்களின் கதை. சுமார் 17,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. 2005இல் அவர்களின் குடும்பத்தார் பெய்ரூத்தில் ஐ.நா. அலுவலகத்தின் எதிரே கூடாரம் அமைத்து அமர்ந்தனர். புகைப்படங்களை மடியில் வைத்துக் காத்திருந்த தாய்மார்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். கணவன் உயிருடன் உள்ளாரா என்று தெரியாத மனைவி இத்தா இருப்பதா, காத்திருப்பதா? தந்தையின் சொத்தைப் பங்கிடலாமா? கப்று இல்லாத ஒருவருக்கு எங்கே நின்று துஆ செய்வது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘கடந்ததை மறப்போம்’ என்பதே அரசின் பதிலாக இருந்தது. காணாமல் போனோரைத் தேடும் தேசிய ஆணையத்துக்கான சட்டம் 2018இல்தான், போர் முடிந்து 28 ஆண்டுகளுக்குப் பின்னர் நிறைவேறியது.

பங்கீட்டின் பலவீனம்

2005 பிப்ரவரி 14இல் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மக்கள் எழுச்சியின் பின் சிரியப் படை ஏப்ரலில் வெளியேறியது. 2006இல் இஸ்ரேலுடன் 34 நாள் போர். 2008இல் பெய்ரூத் தெருக்களில் மீண்டும் துப்பாக்கிச் சூடு, தோஹாவில் மீண்டும் ஓர் ஒப்பந்தம். ஜனாதிபதி நாற்காலி 2014 முதல் 2016 வரையும், பின்னர் 2022 அக்டோபர் இறுதி முதல் 2025 ஜனவரி வரையும் காலியாகக் கிடந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்ற முறையில் எதுவும் நடக்காமல் போவதே எளிது.

2019 அக்டோபர் 17இல், வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி விதிக்கும் அறிவிப்பு மக்களை வீதிக்கு அழைத்துவந்தது. திரிபோலியின் ஸுன்னியும், ஸூரின் ஷியாவும், ஜூனியாவின் மாரோனியரும் ஒரே முழக்கத்தை எழுப்பினர். எல்லோரும் என்றால் எல்லோருமே போக வேண்டும் என்பது அதன் பொருள். தம் பிரிவுத் தலைவரையும் சேர்த்தே அவர்கள் சொன்னார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. வங்கிகள் மக்களின் சேமிப்பை முடக்கின. டாலருக்கு சுமார் 1,500 பவுண்டு என்று 1997 முதல் நிலைநிறுத்தப்பட்டிருந்த நாணயம் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது.

2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அபாயத்தை அதிகாரிகள் பலர் அறிந்திருந்தனர். விசாரணை நீதிபதி உயர்மட்டத்தவரை அழைத்தபோதெல்லாம் வழக்குகளும் எதிர்ப்புகளும் குறுக்கே வந்தன. 1991இல் பொறுப்புக்கூறலைக் கைவிட்ட நாடு அதன் விலையை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் செலுத்திக்கொண்டிருந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நியாயமாகச் சொல்வதானால் இந்தப் பங்கீட்டு முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அண்டை நாடுகளில் ஒற்றைக் கட்சியும் ராணுவமும் பல பத்தாண்டுகள் ஆண்டபோது லெபனானில் எந்தத் தனி நபராலும் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற முடியவில்லை. பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் ஒப்பீட்டளவில் சுதந்திரமாக இயங்கின. சிறிய சமூகத்துக்கும் நாடாளுமன்றத்தில் குரல் இருந்தது. சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்பது வீண் கோரிக்கை அல்ல. 1860ஐயும் 1975ஐயும் கண்டவர்களின் அச்சம் கற்பனையும் அல்ல. வெறும் தலை எண்ணிக்கையே ஆளட்டும் என்று சொல்லிவிடுவதும் தீர்வாகாது.

பிழை பாதுகாப்பு கொடுத்ததில் இல்லை. அதற்குக் காலக்கெடு வைக்காததில், அதை மாற்றும் வழியைத் திறந்துவைக்காததில் உள்ளது. 1861, 1926, 1943, 1989 என ஒவ்வொரு முறையும் போரையோ பூசலையோ தணிக்க ஒரு பங்கீடு எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது நிரந்தரமாகி, மாறிய சமூகத்துக்கு ஒவ்வாமல் அடுத்த நெருக்கடிக்கு அடித்தளமிட்டது.

எனவே உலகின் எந்த மூலையில் ஒரு போர் முடிந்து சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானாலும் நாம் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இந்த ஏற்பாட்டை எப்போது, யார் மறுபரிசீலனை செய்வார்கள்? காணாமல் போனவர்களைத் தேடுவது யார் பொறுப்பு? நடந்ததைப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் சொல்லும்? ஆயுதம் வைத்திருந்தவர்களைத் தவிர வேறு யாராவது அந்த மேசையில் அமர்ந்தார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாத ஒப்பந்தம் போரை நிறுத்தலாம், அதன் காரணங்களை அப்படியே விட்டுவைக்கும்.

கிஸ்ரவானின் விவசாயிகள் 1858இல் கேட்டது நியாயமான வரியையும் மரியாதையையும். 2019இல் திரிபோலியின் சதுக்கத்தில் நின்றவர்கள் கேட்டதும் வேலை, மின்சாரம், திருடாத ஆட்சி ஆகியவற்றையே. இடைப்பட்ட 160 ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த பதில், ‘நீ எந்தப் பிரிவு?’ என்ற கேள்விதான். என்றாவது ஒருநாள் அந்நாடு அச்சமின்றித் தன் மக்களை எண்ணத் துணிந்தால், அன்றுதான் அதன் உள்நாட்டுப் போர் உண்மையில் முடிந்தது என்று சொல்ல முடியும்.